உன் சைக்கிளைச் சரோஜா கேட்டாள்

என் கமலத்துக்கு,

நீ நலமா என்று கேட்க முடியாத இடத்தில் இருக்கிறாய். நான் நலம் என்று சொல்லும் நிலையில் இல்லை. அதனால் அந்த இரண்டு வரியையும் விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இது உனக்கு எழுதுகிற கடிதம். ஆனாலும் மன்றத்து மலரில் போடச் சொல்லிக் கொடுக்கப்போகிறேன். இந்தக் காஜா பெராங் வட்டாரத்தில் உன்னைத் தெரியாத தமிழர் வீடு கிடையாது. அவர்கள் பிள்ளைகளில் பாதிப்பேரை முதலில் கையில் ஏந்தியவள் நீதான். அவர்களும் படிக்கட்டும். ஏன் என்று படித்து முடிக்கும்போது தெரிந்துவிடும். உனக்கு ஒருவேளை முன்பே தெரியுமோ? ஆறு வருடமாக என்னை விடாத கேள்வி அது.

நீ போன பிறகு ஊர் மாறிவிட்டது. பெரிய சடக்கு ரோட்டில் நின்ற சோதனைச் சாவடிகளை எடுத்துவிட்டார்கள். காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குப் போகிறதோ என்று அரிசிப் பையைக் குத்திப்பார்க்கும் ஆள் இல்லை. மெர்டேக்கா வந்து நாடு சுதந்திரமாகிவிட்டது. கொடி மாறிய அன்று பண்டா ஹிலிர் பக்கம் போய்க் கூட்டத்தோடு நின்றேன். எல்லாரும் கத்தினார்கள். நான் பாதியில் திரும்பி வந்துவிட்டேன்.

சரோஜா மிஸ்ஸி ஆகிவிட்டாள், கமலம். பெரிய ஆஸ்பத்திரியில் பயிற்சி முடித்துப் பிரசவம் பார்க்கும் சான்றிதழும் வாங்கிவிட்டாள். வெள்ளை உடுப்பில் அவள் வாசலில் வந்து நின்றபோது ஒரு நொடி நீதான் என்று நினைத்தேன். தலையைக் கொஞ்சம் சாய்த்து நிற்பது அப்படியே உன்னைப்போல. வேலை போட்ட இடம் செங். நீ போய்வந்த அதே பக்கம். அதே செம்மண் ரோடு, அதே ரப்பர் காடு, அதே மேடு, அதே சரிவு.

உத்தரவைப் படித்துக்காட்டிய கையோடு கேட்டாள்.

"அப்பா, அம்மா சைக்கிளு இன்னும் பின்னால கொட்டகையிலதானே இருக்கு?"

"அது எதுக்கு? உடைஞ்சு கெடக்கு. புதுசா ஒண்ணு வாங்கிக்கலாம்."

"முன்னால போர்க்குதானே உடைஞ்சிருக்கு? அதை மாத்திட்டு, மூணு கியரு போட்டு, பிரேக்கையும் டயரையும் மாத்துனா மேட்டுக்கு நல்லா ஏறும். தோட்டத்து லயத்து வீடுகள்ல எல்லாருக்கும் அந்தச் சைக்கிள தெரியும்ப்பா. அதுல போனா நான் யாருன்னு சொல்லவே வேணாம்."

நான் பசியாற உட்கார்ந்தவன் எழுந்துவிட்டேன். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னேன். அன்று எனக்கு விடுமுறை.

படிக்கிறவர்களுக்குத் தெரியாத ஒன்றை இங்கே சொல்லவேண்டும். உனக்குத் தெரிந்ததுதான். ஒருநாள் செங்கிலிருந்து திரும்பி வந்து, பையை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னாய். "சரோஜாப்பா, எறக்கத்துல வர்றப்ப முன்பக்கம் கிணுக்குன்னு ஒரு சத்தம் வருது. ரொம்ப ஓடிருச்சு இது. வேற பாப்பமா?"

நான் சைக்கிளைக் கவிழ்த்துப் பார்த்தேன். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற இரண்டு கால்களில், போர்க்கு என்று சொல்கிறோமே அதில், இடது காலின் உச்சியில் மயிரிழைபோல ஒரு விரிசல். தெங்கேராவில் சீனர் கடையில் பச்சை நிறத்தில் பெண்கள் ஓட்டுகிற சைக்கிள் ஒன்று வந்திருந்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நீ ஒரு கணம் நின்று பார்ப்பாய். வாங்கியிருக்கலாம். வாங்க முடியாமல் இல்லை.

எனக்குத் திமிர். பஸ் பட்டறையில் பதினைந்து வருடம் ஃபிட்டர். லாரிச் சட்டத்தையே ஒட்டி ஓடவிட்டவன். என் பெண்சாதியின் சைக்கிளை இன்னொருவன் கடையில் தள்ளிவிட்டுப் புதிது வாங்குவதா? மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பட்டறையில் வைத்துப் பித்தளையை உருக்கி ஒட்டினேன். அரம்போட்டு வழவழப்பாக்கிக் கறுப்புச் சாயம் பூசினேன். எங்கே ஒட்டினேன் என்று உன்னைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். விரலால் தடவித் தடவிப் பார்த்தாய். கண்டுபிடிக்க முடியவில்லை.

"நான் ஒட்டுனது உடையாது, போ" என்றேன். நீ சிரித்தாய். முழுச் சிரிப்பு இல்லை அது. நான் கவனித்தேன், கமலம். கவனித்தும் விட்டுவிட்டேன்.

நான்கு மாதம் ஓடியது. பிறகு ஒரு திங்கட்கிழமை, "திரும்பவும் அந்தச் சத்தம் வருதுங்க" என்றாய். வெள்ளிக்கிழமை பார்க்கிறேன் என்று சொன்னேன்.

வியாழக்கிழமை உன்னைக் கொண்டுவந்தார்கள்.

சரிவின் அடியில், கால்வாயில் கிடந்தாயாம். லாரி ஓட்டி வந்த ஒருவர் பார்த்திருக்கிறார். கழுத்து முறிந்திருந்தது. பிரசவப் பை மட்டும் பிரியாமல் அப்படியே இருந்தது. பக்கத்தில் ஓர் எருமை அறுந்த கயிறோடு புல் மேய்ந்துகொண்டு நின்றதாம். அது அங்கே மலாய்க் கிராமக் கம்பத்தில் இருந்த பெரியவர் பாக் ஹசானுடைய எருமை. காலையில் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதை எல்லாரும் பார்த்திருந்தார்கள்.

காட்டில் சண்டை ஓயாத காலம் அது. சுட்ட காயம் இல்லை என்று தெரிந்ததுமே போலீசுக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது. எருமை குறுக்கே வந்தது, சைக்கிள் மோதியது, முன்பக்கம் உடைந்தது, விழுந்தாள். எழுதி முடித்தார்கள். சைக்கிளை என்னிடம் ஒப்படைத்தார்கள்.

போர்க்கின் இடது கால் உச்சியில் ஒடிந்திருந்தது. ஒடிந்த முகத்தை நான் பார்த்தேன். பல வருடம் இரும்போடு வாழ்ந்தவனுக்கு அதைப் படிக்கத் தெரியும். முக்கால்வாசி பழுப்பேறித் துருப்பிடித்திருந்தது. கால்வாசி மட்டும்தான் வெள்ளையாக, புதிதாக ஒடிந்திருந்தது. நடுவில் என் பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது. எதன்மீதாவது மோதி ஒடிந்த இரும்பு அப்படி இருக்காது. பல வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து, அன்று சரிவில் மிச்சமும் போயிருக்கிறது. எருமை பக்கத்தில் நின்றது. அவ்வளவுதான் அது செய்தது.

நான் சைக்கிளைக் கொட்டகையில் தொங்கவிட்டு, மேலே சாக்குப் போட்டு மூடினேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து இரண்டு நாள் கழித்துப் பாக் ஹசான் வந்தார். வாசல் படியேறவில்லை. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், குழந்தைபோல அழுதார். கயிறு பழைய கயிறு, மாற்றியிருக்கவேண்டும், என் தப்பு, மன்னித்துவிடு என்று மலாயில் சொன்னார். பதினான்கு வயதுச் சரோஜா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவாயில்லை, போய்வாருங்கள்" என்று சொன்னேன்.

அவரை நான் மன்னித்து அனுப்பினேன், கமலம். இதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை.

அதற்குப் பிறகு நான் சும்மா இருந்தது ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. பட்டறையில் யாராவது எருமைக் கதையை எடுத்தால் எழுந்து போய்விடுவேன். துக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். பாக் ஹசான் எருமைகளை விற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டபோது அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. மறுநாள் சாப்பிட்டேன்.

சரி, சரோஜாவுக்கு வருகிறேன்.

நான் இழுத்தடித்தேன். புதிதாக வாங்கலாம், இரண்டு வாரம் பொறு, அடுத்த கப்பலில் நல்ல சரக்கு வரும் என்று ஏதேதோ சொன்னேன். ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது கொட்டகைக் கதவு திறந்து கிடந்தது. சாக்கு தரையில் இருந்தது.

நேரே தெங்கேராவுக்கு ஓடினேன். கடைக்கு முன்னால் சைக்கிள் கவிழ்ந்து கிடந்தது. கடை முதலாளி தவுக்கே அதன் பக்கத்தில் குந்தியிருந்தார். சரோஜா தட்டில் அடுக்கியிருந்த கியர் சாமான்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தவுக்கேயின் கையில் அந்த ஒடிந்த போர்க்கு. வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மணியம், இதை ஒட்டியது யார்?" மலாயில், தணிந்த குரலில் கேட்டார்.

அவருக்குப் பதில் தேவைப்படவில்லை. அந்த வட்டாரத்தில் சைக்கிளோடு முப்பது வருடம் பழகியவர்.

சரோஜா திரும்பினாள். "என்னப்பா? என்ன சொல்றாரு?"

"ஒண்ணுமில்ல. போர்க்கு புதுசு போடணுமாம்."

தவுக்கே எழுந்து, சைக்கிளின் முன்தலைக்குக் கீழே இறங்குகிற குழாயைக் காட்டினார். விழுந்த வேகத்தில் அங்கே துணி மடிப்புபோல ஒரு சின்னச் சுருக்கம் விழுந்திருந்தது. இதை நிமிர்த்தித் தருகிறேன், சாயமும் அடித்துத் தருகிறேன், ஆனால் சரிவில் ஓட்ட இது நல்லது என்று நான் சொல்லமாட்டேன், மற்றதையெல்லாம் மாற்றலாம், இந்தச் சட்டம் போனால் எல்லாம் போச்சு, வேறு வாங்குங்கள் என்றார்.

"அப்பா, நீங்கதானே ஃபிட்டரு? நீங்க சொல்லுங்க. நிமித்துனா ஓடாதா?"

வேண்டாம் என்று ஒரு சொல் போதும். ஆனால் ஏன் என்று கேட்பாள். ஒரு தடவை மனசு விட்டுப்போன இரும்பை நம்பக்கூடாது என்று சொல்லவேண்டிவரும். அப்படியானால் அம்மாவுக்கு ஏன் ஒட்டிக்கொடுத்தீர்கள் என்று அவள் கேட்டால்? அவளுக்கு நான் ஒட்டியது தெரியாது. தவுக்கேயின் கையில் இருந்ததோ தெரிந்தவன் படிக்கக்கூடிய சாட்சி. அதை அவள் கண்முன்னாலிருந்து அப்புறப்படுத்தவேண்டும், இந்தப் பேச்சு இங்கேயே முடியவேண்டும். அது மட்டும்தான் அப்போது என் மூளையில் ஓடியது.

"ஓடும். செய்யச் சொல்லு" என்றேன்.

தவுக்கே போர்க்கைப் பழைய பேப்பரில் சுற்றி என்னிடம் நீட்டினார். கடைக்குப் பின்பக்கம் போனால் கடற்கரை. பொழுது சாய்கிற நேரம். வீசி எறிந்தேன். தண்ணீர் வற்றியிருந்தது. அது சேற்றில் குத்திக்கொண்டு நின்றது. ஒடிந்த கால் மேலே தெரிந்தது. கால்சட்டையைச் சுருட்டிவிட்டு முழங்கால் சேற்றில் இறங்கிப் போய், அது உள்ளே மறையும்வரை குதிகாலால் மிதித்தேன். கடைக்குத் திரும்பி வந்து பார்த்தால், சரோஜா இன்னும் கடை வாசலில் நின்று புதுப் பிரேக்கை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சைக்கிள் வந்தது. கறுப்புச் சாயத்தில் பளபளவென்று இருந்தது. மூன்று கியர், கம்பி பிரேக், தடித்த டயர். நம் பக்கத்து வீட்டில் மலாயே பேசும் செட்டி அம்மாள் நாகம்மா, உனக்குப் பலகாரம் கொடுத்தனுப்புவார்களே, அவர்கள் வேலியோரம் நின்று பார்த்தார்கள். "ஜாங்கான், சரோஜா, ஜாங்கான்" என்றார்கள். வேண்டாம், வேண்டாம் என்று. செத்தவர் ஏறிய வண்டியில் ஏறக்கூடாது என்பது அவர்கள் பயம். சரோஜா சிரித்துக்கொண்டே ஏறிப்போனாள்.

நான் தினமும் காலையில் கேட்டேன், கமலம். அவள் படலைத் தாண்டும்போது அந்த இடத்தில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது அல்லவா? சக்கரம் அதில் இறங்கி ஏறும்போது காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். முதல் வாரம் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாவது வாரம் ஒரு நாள் கேட்டது. கிணுக். புதுக் கம்பிகள் இறுகுகிற சத்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாளும் கேட்டது. அதற்கு மறுநாளும். சாயங்காலம் அவள் திரும்பி வரும்வரை பட்டறைக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் வந்து நின்றதும், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தோன்றும்.

அன்று அவளுக்கு ஓய்வு நாள். மத்தியானம் தாண்டி மூன்று மணி இருக்கும். மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. படலருகே யாரோ மணியடித்தார்கள். போய்ப் பார்த்தால் பாக் ஹசான்.

ஆறு வருடத்தில் அந்த மனிதர் நம் தெருப்பக்கமே வந்ததில்லை. அன்றும் உள்ளே வரவில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு படலுக்கு வெளியே நின்றார். மருமகளுக்கு வலி கண்டு இரண்டு மணி நேரமாகிறது, குழந்தை குறுக்கே கிடக்கிறதோ என்று பயமாக இருக்கிறது, வேறு யாரும் அகப்படவில்லை, மிஸ்ஸி வருவாளா என்று கேட்டார். என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

சரோஜா நிமிடத்தில் உடுப்பு மாற்றிப் பையோடு வந்துவிட்டாள். அவள் பையைக் கட்டுவதற்காக நான் சைக்கிளைப் பிடித்தேன். அப்போதுதான் பார்த்தேன். முன்தலைக்குக் கீழே, தவுக்கே காட்டிய அதே இடத்தில், கறுப்புச் சாயம் ஒரு கோடாகப் பிளந்திருந்தது. அதிலிருந்து பழுப்பு நீர் கசிந்து காய்ந்திருந்தது.

"இதுல போகாதம்மா" என்றேன்.

"ஏம்ப்பா?"

"மழ வருது."

"மழைன்னா புள்ள காத்திருக்குமா? விடுங்கப்பா கைய."

பாக் ஹசான் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். அல்லது அதுவும் பொய்யா? அவள் என் விரல்களைப் பிடித்து விலக்கினாள். நான் கையை எடுத்துவிட்டேன். பள்ளத்தில் சக்கரம் இறங்கியது. கிணுக்.

அவர்கள் இருவரும் தெருமுனை திரும்பும்வரை நின்றேன். இரண்டாவது முறை, கமலம். முதல் முறையாவது எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம்.

எப்படி ஓடினேன் என்று நினைவில்லை. நாகம்மாவின் வீட்டில் நின்ற சைக்கிளைக் கேட்காமலே எடுத்தேன். மழை பிடித்துக்கொண்டது. செம்மண் வழுக்கியது. ரப்பர் காட்டுக்குள் ரோடு நுழைந்ததும் மூன்று மணி வெளிச்சம் அந்திபோல ஆகிவிட்டது. ஒவ்வொரு வளைவிலும் கால்வாயைப் பார்த்தேன். வெள்ளையாக ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்துப் பார்த்து மிதித்தேன். சரிவின் உச்சிக்கு வந்து கீழே பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தேன்.

இரண்டு பேரும் பாதிச் சரிவில் நடந்துகொண்டிருந்தார்கள். இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ஓரமாக.

பாக் ஹசான் அந்தச் சரிவில் சைக்கிளில் ஏறி இறங்குவதில்லையாம். நீ விழுந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட இல்லையாம். உச்சி வந்ததும் இறங்கிவிட்டார். பெரியவர் நடக்கும்போது தான் மட்டும் ஏறிப்போவது மரியாதை இல்லை என்று சரோஜாவும் இறங்கியிருக்கிறாள்.

"சரோஜா!"

என் குரலைக் கேட்டு இருவரும் நின்றார்கள். நான் கிட்டே போய் அவள் சைக்கிளின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். மூச்சு வாங்கியது. அவள் பயந்துவிட்டாள். "என்னப்பா ஆச்சு? வீட்டுல என்ன?"

பாக் ஹசானைப் பார்த்து மலாயில் சொன்னேன். அவருக்கு முதலில் சொல்லவேண்டும் என்று தோன்றியது. "உங்கள் எருமை ஒன்றும் செய்யவில்லை. கமலத்தின் சைக்கிளில் முன்பே விரிசல் இருந்தது. அவள் புதிது கேட்டாள். நான் ஒட்டிக்கொடுத்தேன். என் ஒட்டுதான் விட்டது. அன்றைக்கே எனக்குத் தெரியும்."

பிறகு சரோஜாவிடம் தமிழில் சொன்னேன். இந்தச் சைக்கிளும் விரிந்துவிட்டது என்று அந்தக் கோட்டைக் காட்டினேன். மழையில் சாயம் மினுங்கியது. அவள் குனிந்து விரலால் தடவினாள்.

"அம்மா உங்ககிட்ட சொன்னாங்களா? சத்தம் வருதுன்னு?"

"சொன்னா. ரெண்டு தடவ."

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. பையை அவிழ்த்தாள். உன் சைக்கிளை என் கையில் விட்டுவிட்டு, பாக் ஹசானிடம், "உங்க சைக்கிளக் குடுங்க. வீடு எனக்குத் தெரியும்" என்று மலாயில் சொன்னாள். வாங்கிக்கொண்டாள். மீதிச் சரிவைத் தள்ளிக்கொண்டே இறங்கினாள். அடியில் ஏறிப் போய்விட்டாள்.

நாங்கள் இரண்டு கிழவர்கள் மழையில் நின்றோம். அவர் என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் நடக்கத் தொடங்கினார். நான் அந்த இரவல் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு, உன்னுடையதைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன். நீ கிடந்த இடம் வந்ததும் நின்றார்.

"நான் உன் வாசலில் வந்து நின்றேனே, மணியம். அப்போது சொல்லியிருக்கலாமே."

"பயமாக இருந்தது."

"போலீசுக்கா?"

"மகளுக்கு."

அவர் தலையை ஆட்டினார். புரிந்தது என்று ஆட்டினாரா, போதும் என்று ஆட்டினாரா தெரியவில்லை. பிறகு சொன்னார். நான்கு எருமையும் போச்சு. எருமை இல்லாமல் வயல் போச்சு. பெரியவன் சிங்கப்பூருக்குக் கூலிக்குப் போய்விட்டான். இதையெல்லாம் சாதாரணமாகத்தான் சொன்னார். கடைசியில்தான் குரல் உடைந்தது. "என் பெண்சாதி, நம் வீட்டால் ஓர் உயிர் போயிற்று என்று சொல்லிச் சொல்லியே போன வருடம் செத்தாள். அவளுக்கு இப்போது யார் போய்ச் சொல்வது?"

கமலம், உங்கள் பக்கத்தில் மனிதர்கள் ஒருவரையொருவர் பார்க்க முடியுமா? முடிந்தால் அந்த அம்மாளைத் தேடிப் போய்ச் சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே. நீயே சொல்.

குழந்தை கால் முன்னே வந்ததாம். பொழுது இறங்குகிற நேரத்தில் சரோஜா வெளியே வந்தாள். முழங்கைவரை ஈரம். பாக் ஹசானிடம் போய், "பெண் குழந்தை. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றாள். நான் படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பார்க்காமல் உள்ளே திரும்பிப் போனாள்.

மறுநாள் உன் சைக்கிளைத் தவுக்கேயிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு முழங்காலைக் குழாயில் கொடுத்து, முன்சக்கரத்தைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். அந்தக் கோடு வாயைத் திறந்தது. "இன்னும் ஒரு சரிவுக்குத் தாங்கியிருக்காது" என்றார். நான் கேட்டு, என் கண்முன்னாலேயே சட்டத்தை அறுத்துத் துண்டாக்கினார்.

புதுச் சைக்கிளைச் சரோஜா தானே போய் வாங்கினாள். முதல் சம்பளத்தில். என்னைக் கூப்பிடவில்லை. அதை நான் தொடக்கூடாது என்று அவள் சொல்லவில்லை, ஆனால் தன் அறைக்குள் ஏற்றி வைத்துக்கொள்கிறாள். எனக்குச் சோறு போடுகிறாள். உப்பு வேண்டுமா என்று கேட்கிறாள். அதற்கு மேல் இல்லை.

பாக் ஹசான் ஒன்றே ஒன்று கேட்டார். செங்கில் எந்தக் காப்பிக் கடையில் உட்கார்ந்து அவர் எருமையைப் பற்றிப் பேசினார்களோ, அதே கடையில் வந்து சொல்லவேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். எழுந்து நின்று மலாயில் சொன்னேன். ஒருவர் பாதிக் காப்பியை வைத்துவிட்டு எழுந்து போனார். பாக் ஹசான் மூலையில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வரும்போது என் பின்னால் ஒரு குரல், "ஆறு வருஷமா!" என்றது. அவ்வளவுதான். மன்னித்தேன் என்று பாக் ஹசான் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தச் சொல்லை நான் ஒரு தடவை அவருக்குக் கொடுத்தேனே, அது போதும்.

மலாய்க்காரர்களிடம் வாயால் சொல்லிவிட்டேன். நம் ஆட்களுக்கு இந்தக் கடிதம்.

இன்னும் ஓர் இடம் பாக்கி இருக்கிறது. போலீஸ் புத்தகத்தில் எருமை என்றுதான் எழுதியிருக்கிறது. அதைத் திருத்தவேண்டும். உண்மையை மறைத்ததற்கு என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. பட்டறையில் ஒருவர், இத்தனை வருடம் கழித்துப் போய்த் தலையைக் கொடுக்காதே என்றார். இன்னொருவர், ஒட்டு விட்டு ஆள் செத்ததென்றால் அது வேறு கேஸ் என்று பயமுறுத்தினார். உள்ளே வைத்துவிட்டால் சரோஜா இந்த வீட்டில் தனியாக இருப்பாள். அவள் வேலைக்கு ஏதாவது வருமா? தெரியவில்லை. ஒன்றுமே தெரியவில்லை.

இன்று பசியாறும்போது, நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்று சொன்னேன். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எத்தன மணிக்கு?"

"எட்டு மணிக்கு."

"நானும் வரேன்."

மகளாக வருகிறாளா, சாட்சியாக வருகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. எட்டு மணிக்கு அவள் பக்கத்தில் நடப்பேன். அங்கே மேசைக்கு முன்னால் நின்று, நீ சத்தம் வருகிறது என்று சொன்ன முதல் நாளிலிருந்து தொடங்குவேன். ஒரு சொல்லைக்கூட எனக்குச் சாதகமாக விழுங்கமாட்டேன். அவள் கேட்டுக்கொண்டிருக்க, உன் பெயரைச் சொல்லி, அதற்குப் பக்கத்தில் என் பெயரை எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போடுவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் வீட்டுக்காரன்,
சரோஜாவின் அப்பா
மணியம்